மாசத்துக்கு ஒரு ஜிங்க் கட்டி

மாட்டிய சாமான் கரைந்து காணாமல் போனால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பிழைக்க வேண்டிய தொழில் எங்களுடையது. படகு எஞ்சினுக்கு ஜிங்க் கட்டி மாட்டுகிறவன் நான். மிக்ஸியோ பைக்கோ தண்ணீர் மோட்டாரோ, எதையாவது பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு, "எப்ப தருவீரு?" என்ற கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களிடம் வருகிறவர் தேய்ந்துபோச்சு என்று சண்டைக்கு வந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. என்னிடம் வருகிறவர் தேய்ந்தாலும் சண்டைக்கு வருவார், தேயாவிட்டாலும் சண்டைக்கு வருவார்.

மீன் தொடாத மெக்கானிக்

கடை திசையன்விளையில், வீடு திருநெல்வேலி டவுணில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கள்கிழமை வெள்ளெனத் திரும்பி வருவேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் யாரும் வலை எடுக்க மாட்டார்கள், அதனால் எஞ்சினும் வராது. எங்கள் வீடு சில நாட்களில் வெங்காயம்கூடச் சேர்க்காத சைவ வீடு. அங்கிருந்து ஒருத்தன் கிளம்பி மீன்பிடி எஞ்சின் பழுது பார்க்கப் போனதை என் பெரியப்பா இன்னும் வெளியில் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "மோட்டார் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஜிங்க் கட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் பின்பக்கம் தொங்குகிற எஞ்சினுக்கு ஒரு கால் உண்டு. தண்ணீருக்குள் இறங்கி விசிறியைச் சுற்றுகிற அடிப்பாகம் அது. அலுமினியத்தில் வார்த்தது. உப்புத் தண்ணீர் அதை அரித்துத் தின்னும். அந்தக் காலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைத்துவிட்டால், அரிப்பு காலை விட்டுவிட்டுக் கட்டியைப் பிடித்துக்கொள்ளும். கட்டி கரையும், கால் தப்பும். பாதிக்கு மேல் கரைந்தால் புதுசு மாட்ட வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

வேலை முடிந்ததும் பாதிப் பேர் பிரியமாக ஒரு பை மீன் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும், வாங்கினால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. பக்கத்து லேத் பட்டறை செல்வின், பாளையங்கோட்டை வேதக்கார வீட்டுப் பையன், மீன் பை வருகிற நேரத்தில் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நிற்பான். ஒரு நாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னான்: "நெய்மீனு வேய். உமக்குத் தொழில் நல்லா நடக்கணும்னு உம்ம வீட்டுல கும்புடுதாங்களோ இல்லியோ, நான் தினமும் ஜெபம் பண்ணுதேன்."

கப்பல் ஏற மனசில்லாதவர்

இன்னாசி அண்ணாச்சி எஞ்சினை ஒரு குட்டி யானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கடலோரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். எஞ்சின் காலைத் திருப்புளியால் மெல்லக் குத்தினேன். பணியாரத்தில் ஈர்க்கு இறங்குகிற மாதிரி இறங்கியது. வாங்கும்போது இருந்த ஜிங்க் கட்டி எப்போதோ கரைந்துபோக, அப்படி ஒரு சாமான் இருந்ததே தெரியாமல் ஓட்டியிருக்கிறார். ஓட்டை விழுந்த காலுக்குள் தண்ணீர் புகுந்து பல்சக்கரம் இறுகி, நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. வேறு வள்ளத்துக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள்.

அவருக்கு இருப்பது ஒரு வள்ளமும் இந்த ஒரே எஞ்சினும். மனைவியின் தம்பி பஹ்ரைனில் ஒரு அரபி முதலாளியின் போட்டில் இருக்கிறான். "வந்துருங்க அத்தான், இடம் இருக்கு" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். இவருக்குப் போக மனசில்லை. மனைவி பிலோமி அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறாள் என்றார். நல்ல நிலையில் இருந்த பழைய கால் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன், புது ஜிங்க் கட்டி திருகினேன். கட்டியை அடிக்கடி பாருங்கள், கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணியில் கழுவாமல் வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பாடம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறும்போது மட்டும் நின்று திரும்பிச் சொன்னார்: "இந்தக் காலும் போச்சுன்னா நான் இங்கன இருக்க மாட்டேன் அண்ணாச்சி. மச்சான்கிட்ட சரின்னு சொல்லிருவேன்."

நல்ல பிள்ளையாய்ப் பதில் சொல்கிறவர்

ஒரு மாசம்கூடச் சரியாக ஆகவில்லை, திரும்பி வந்தார். ஜிங்க் கட்டி இருந்த இடத்தில் போல்ட்டு மட்டும் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் போல்ட்டுதான். மற்றவர்களுக்கு வருசக்கணக்கில் வருகிற சாமான் அது. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். போட்டில் பாட்டரி உண்டா? பாட்டரியிலிருந்து கரண்டு கசிந்தால் கட்டி சீக்கிரம் கரையும். "டார்ச் லைட்டு மட்டும்தான்" என்றார். எஞ்சின் எந்நேரமும் தண்ணியிலேயே கிடக்கிறதா? "எதுக்கு? கரைக்கு வந்ததும் கழத்தி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். களவு பயம்." நல்ல தண்ணியில் கழுவுகிறீர்களா? "அத மட்டும் கேக்காதீரும். பெத்த பிள்ளையக்கூட பிலோமி இந்தப் பார்வ பாக்கல."

எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்கிற நோயாளிக்குத்தான் வியாதி கண்டுபிடிக்க முடியாது. மறுபடி ஒரு கட்டி மாட்டி அனுப்பினேன். அதுவும் அடுத்த மாசம் போய்விட்டது. இந்தத் தடவை கட்டி முடிந்த பிறகு காலையும் கடித்திருந்தது. அங்கங்கே வெள்ளைப் பொடி, பொடியைத் தட்டினால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. கடைக்கு எதிரே டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. ஒருத்தர் கண்ணேறு என்றார். ஒருத்தர் நான் விற்பது டூப்ளிகேட் சரக்கு என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் தலை நிமிராமல் தீர்ப்புச் சொன்னார்: "சைவக்காரரு விக்குத கட்டியும் சைவமாத்தான் இருக்கும். மீன் வாட பட்டதும் மயங்கி விழுந்துருதோ என்னவோ."

புதுச்சட்டை போட்ட கட்டி

அந்த வாரத்திலேயே இன்னாசியின் ஊரிலிருந்து மிக்கேல் வந்தார். இன்னாசி வள்ளத்துக்குப் பக்கத்தில்தான் இவர் வள்ளமும் கரையேற்றிக் கிடக்கும். ஆனால் குணம் நேர் எதிர், பேச்சை நிறுத்த ஆள் வைக்க வேண்டும். வந்ததும் வராததுமாக, "நீரு தந்த ஜிங்க் கட்டி இரும்பு வேய். மாட்டுன நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கண்டவனும் உம்மள குறை சொல்லுதான், நான் உமக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். டீக்கடை வரைக்கும் கேட்கட்டும் என்று நானும் அவரைத் தடுக்கவில்லை.

எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். கட்டி தேயாதது உண்மைதான். அதன்மேல் பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இரண்டு பூச்சு ஏறியிருந்தது. கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் வள்ளத்துக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கம். மிக்கேல் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சியதை எஞ்சினுக்கும், எஞ்சினுக்கு அடித்து மிஞ்சியதைக் கட்டிக்கும் அடித்துவிட்டார். பெயிண்ட் அடித்த கட்டி போர்த்திக்கொண்டு தூங்குகிற காவல்காரன். தண்ணீர் தொட்டால்தானே அது வேலை செய்யும்? அது தூங்க, கால் பக்கவாட்டில் அரித்திருந்தது. சொல்லிக் காட்டினேன். மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நியாயம் கேட்டார்: "மாதாவுக்கு முன்னால எல்லாரும் புதுச்சட்டை போட்டு நிக்கும்போது, அது ஒண்ணு மட்டும் அம்மணமா நிக்கலாமா வேய்?"

ஒரே பாக்கெட்

சரக்கில்தான் கோளாறோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செல்வினிடம் ஒரு கட்டியைக் கொடுத்தேன். அரத்தால் ராவினான், முகர்ந்தான், ஒரு துண்டு வெட்டி உருக்கியும் பார்த்துவிட்டு அசல்தான் என்றான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரே பாக்கெட்டைப் பிரித்து ஒரு கட்டியை மிக்கேலுக்கும் இன்னொன்றை இன்னாசிக்கும் என் கையாலேயே மாட்டினேன். ஒரே கடல், ஒரே கரை, பக்கத்துப் பக்கத்து வள்ளம். மிக்கேலிடம் பெயிண்ட் டப்பாவைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையை உடைப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

மாசம் கழித்து இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிக்கேலின் கட்டி லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்னாசியின் கட்டி முந்திரிப்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. காலில் குழிகள் இன்னும் ஆழமாகியிருந்தன. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இன்னும் ஒரு மாசம், மிஞ்சிப்போனால் இரண்டு, அதற்குள் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். என் சரக்கு தப்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை. டீக்கடைக்காரர்கள் இப்போது என்னை விட்டுவிட்டு இன்னாசியைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "நேத்து மச்சான் திரும்பவும் போன் பண்ணுனான். பாஸ்போர்ட்டுக்கு ஒரு போட்டா எடுத்து வைங்கன்னு சொல்லுதான். பிலோமிகிட்ட நான் இன்னும் சொல்லல."

முக்கூடல் மரியாதை

அடுத்த வாரம் முக்கூடலிலிருந்து ஒரு அழைப்பு. சுடலைமுத்து என்று ஒரு விவசாயிக்குத் தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டம். வெள்ள காலத்தில் உதவும் என்று பழைய ஃபைபர் போட்டும் சின்ன எஞ்சினும் வாங்கிப் போட்டிருக்கிறார். என் மண்டை முழுக்க இன்னாசி எஞ்சின்தான். ஆனாலும் கடல் காணாத எஞ்சின் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாகப் பஸ் ஏறிப் போனேன். அவர் எஞ்சினில் ஜிங்க் கட்டியின் ஓரம்கூட மழுங்கவில்லை. மேலே சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு வெள்ளை ஓடு மட்டும் படிந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரில் துத்தநாகம் தன்மேல் தானே ஒரு ஓட்டைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஆற்றுக்கு வேறு மாதிரிக் கட்டி போட வேண்டும்.

அங்கே கரையில் உட்கார்ந்துதான் ஒரு முடிவுக்கு வந்தேன், தப்பான முடிவு என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல தண்ணீர் ஜிங்க் கட்டியைத் தொடுவதில்லை. ஆகவே இன்னாசி எஞ்சினைக் கழுவுவதால் கட்டிக்கு ஒரு சேதமும் வராது, திருடன் கடலில்தான் இருக்கிறான். இப்படி நினைத்துக் கழுவுகிற விஷயத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். சுடலைமுத்து என் கையில் இருந்த தேயாத கட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஆத்துத் தண்ணி மரியாத தெரிஞ்ச தண்ணி வே. விருந்தாளி மேல கை வைக்காது."

மச்சினன் வீட்டுக் கடல்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் மச்சினன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட உட்காருமுன் கீசரைக் கொஞ்சம் பாருங்களேன் என்றான். மெக்கானிக் மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை இது, உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். கழற்றினேன். கீசருக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், நம் ஜிங்க் கட்டிக்குச் சித்தப்பா மகன். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது கரைந்துகொண்டிருக்கும். பெருவிரல் பருமன் இருக்க வேண்டியது, நடுவில் ஓடுகிற இரும்புக் கம்பி மட்டும் எலும்பு மாதிரி மிஞ்சி நின்றது. புது வீடு, கீசர் வாங்கியும் அதிக நாள் ஆகவில்லை.

குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். கரிப்பு. "ஆத்துத் தண்ணி இணைப்பு இன்னும் வரல அத்தான், போர் தண்ணிதான். ஆனா நல்ல தண்ணிதான்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் திருப்புளியோடு அப்படியே நின்றுவிட்டேன். நல்ல தண்ணி என்று நான் இன்னாசியிடம் சொன்னேன். நான் சொன்னபோது என் மனசில் இருந்தது தாமிரபரணி. அவர் வீட்டுக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மச்சினன் பெருமூச்சு விட்டான்: "அப்ப தாமிரபரணிக் கரையில வீட்டக் கட்டிட்டு, நான் கடல்லதான் குளிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லுதீங்க."

பிலோமி மைனியின் அண்டா

திங்கள்கிழமை கடையைத் திறக்காமல் நேராக இன்னாசி வீட்டுக்குப் போனேன். மத்தியானம். விடியற்காலம் கடலுக்குப் போய்வந்தவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் மனைவி எங்கள் பக்கத்தில் மைனி. பிலோமி மைனியை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். "வாங்க அண்ணாச்சி. சைவக்காரரு எங்க வீட்டு டீ குடிப்பியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பற்றவைத்தாள். எஞ்சின் எங்கே என்றேன். "அது பொறத்தால குளிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள்.

பின்கட்டில் பூவரசு மரத்தடியில் ஒரு மரச்சட்டம். அதில் எஞ்சின் தொங்குகிறது. கீழே ஒரு செம்பு அண்டா, ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் என்கிற அளவு. அண்டா நிறையத் தண்ணீர். எஞ்சின் காலின் நுனி அண்டாவின் அடியில் போய் ஊன்றி நிற்கிறது. தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், மச்சினன் வீட்டுத் தண்ணீர் அதற்குத் தேவாமிர்தம். "எவ்வளவு நேரம் மைனி இப்படி வைப்பீங்க?" என்றேன். "கடல்ல இருந்து வந்ததும் விட்டா, அடுத்து கடலுக்குப் போறப்பதான் எடுப்போம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துவேன்" என்றாள். கழுவத்தானே சொன்னேன் என்றேன். என் அறியாமையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கருவாட்டுக்கு மேல ரெண்டு செம்பு தண்ணி ஊத்துனா உப்பு போயிருமா அண்ணாச்சி? ஊறப்போட்டாத்தான இறங்கும். எஞ்சினுக்கும் அதே உப்புதான." கருவாட்டை ஊறப்போடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்?

டீயைக் கையில் கொடுத்துவிட்டு அண்டாவைத் தடவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். முன்னாலெல்லாம் இந்த அண்டாவில் பச்சைக் களிம்பு ஏறிவிடுமாம், புளி போட்டு விளக்கி விளக்கிக் கை ஓய்ந்துபோகுமாம். எஞ்சினை உள்ளே விட ஆரம்பித்ததிலிருந்து களிம்பே இல்லையாம். எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் செம்பு கல்யாணப் பெண் மாதிரி மினுங்கியது. நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அலுமினியக் கால், செம்பு அண்டா, நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பாட்டரி. அந்தப் பாட்டரியில் முதலில் கரைவது ஜிங்க் கட்டி, அது தீர்ந்தால் அலுமினியம், செம்புக்கு மட்டும் ஒரு கீறல் விழாது. இத்தனை மாசமாக நான் மாட்டியனுப்பிய கட்டியெல்லாம் இந்த அண்டாவைக் களிம்பு ஏறாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பைய எடுத்துச் சொன்னேன். குறை சொல்கிற மாதிரி இருந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த அண்டா அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா டவுணில் வாங்கிக் கொடுத்ததாம். வருசத்தில் ஒரு நாள் விளக்குவதற்கு மட்டும் பரணிலிருந்து இறக்கி, விளக்கியதும் ஏற்றிவிடுவாளாம். எஞ்சினை நன்றாகப் பார்க்காவிட்டால் கால் போய்விடும் என்று நான் சொல்லியனுப்பியதைக் கேட்ட அன்றைக்குத்தான் அதைப் புழக்கத்துக்கு எடுத்திருக்கிறாள். பாஸ்போர்ட் போட்டா விஷயமும் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். முந்தானையால் அண்டா விளிம்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அவரு போயிரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி இத எறக்குனேன். இதுவா அவர அனுப்பப் பாத்துச்சு?"

நீல டிரம்

இன்னாசியை எழுப்பினோம். அண்டாவைப் பார்த்தார், பிலோமியைப் பார்த்தார். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி, அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் வாங்கிப் போட்டோம். தெருக்குழாயில் வருகிற குடிதண்ணீரில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டியது, உடனே தூக்கித் துடைத்துக் காயவைக்க வேண்டியது. ஊறப்போடுகிற பேச்சே கூடாது. காலில் விழுந்த குழிகளைச் சுத்தம் பண்ணி அடைத்தேன். நல்ல வேளை, எதுவும் உள்ளே வரைக்கும் போகவில்லை. கடைசியாகப் புதுக்கட்டி மாட்டினேன்.

அந்த மாசம் நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். குட்டி யானை சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். செல்வின்கூட, உமக்கு அந்த எஞ்சினையே கட்டி வைத்துவிடலாம் வேய் என்று கிண்டல் பண்ணினான். மாசம் முடிந்து இன்னாசி வந்தார். கட்டி அங்கே இருந்தது. முகம் மங்கி, ஓரம் லேசாக மழுங்கி, நல்ல பிள்ளையாக இருந்தது. மழைக்காலம் வந்து போனது, அதற்குப் பிறகும் இருந்தது. மிக்கேல் ஊரெல்லாம் போய், வியாதியைக் கண்டுபிடித்தது தான்தான் என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடையில் என்னைப் பற்றிப் பேச்சு நின்றுவிட்டது, எங்கள் ஊரில் அதுதான் பாராட்டு. இன்னாசி ஒரு நாள் வேலை எதுவும் இல்லாமல் சும்மா வந்து உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்: "மச்சான்கிட்ட பேசிட்டேன். உன் அரபிய வேற ஆளப் பாக்கச் சொல்லுலே, எனக்கு இங்கன சோலி இருக்குன்னு சொல்லிட்டேன்."

மைனியின் கோரிக்கை

கட்டி பாதி கரைந்து, நியாயமாக மாற்ற வேண்டிய காலத்தில்தான் அடுத்த கட்டிக்கு வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்கிறேன், ஏனென்றால் பிலோமி மைனியும் கூட வந்திருந்தாள். வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவள், பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இன்னாசி. நான் பழைய கட்டியைக் கழற்றிப் புதுசை மாட்டுகிறவரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு கரைந்திருக்கிறது, எந்தப் பக்கம் அதிகம், ஏன் இந்த ஓரத்தில் மட்டும் பொடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இத்தனை வருசத்தில் என் தொழிலைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்டவர் வேறு யாருமில்லை. எனக்கு ஏக சந்தோஷம், சொல்லிக்கொண்டே போனேன். இன்னாசி தூரத்தில் நின்று செல்வினிடம் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் கேட்டு முடித்தவள், வண்டியில் ஏறப்போனவள், திரும்பி வந்து கையை நீட்டினாள். கழற்றிப்போட்ட பழைய கட்டியைக் காட்டினாள். எதற்கு மைனி என்றேன். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க எஞ்சின வெளிய எடுத்ததுல இருந்து என் அண்டாவுக்குத் திரும்பவும் களிம்பு ஏறுது அண்ணாச்சி. அவரத்தான் காப்பாத்தித் தந்துட்டியளே, இந்தப் பாதிக் கட்டிய அண்டாவுக்குத் தாங்க."

இப்போதெல்லாம் யார் எஞ்சின் கொண்டுவந்தாலும் கழற்றுமுன் நான் கேட்கிற முதல் கேள்வி, உங்கள் வீட்டில் கருவாட்டை எதில் ஊறப்போட்டுச் சமைப்பீர்கள் என்பதுதான், அவர்களோ நான் சாப்பாட்டுக்கு அடிபோடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.